நாங்கள் அடித்துவிட்ட சொல்

நாள் 1 | காலை 6:10 | 12.0 பார்

வெப்பம் 30.4. ஆக்சிஜன் சரி. கரியமில வாயு சரி. ஈரப்பதம் அதிகம், போர்வையெல்லாம் பிசுபிசுக்கிறது. நாடி: ஆல்வின் 74, சங்கரவடிவு டீச்சர் 82, நான் 70. கஸ்பார் அண்ணன் சிறு கதவு வழியாக இட்லி அனுப்பினார். உள்ளே வந்து சேர்வதற்குள் அழுத்தத்தில் நசுங்கி அப்பளமாகிவிட்டது. தின்றோம்.

இந்த நோட்டு யார் கையில் கிடைக்கும் என்று தெரியாது. டாக்டராக இருந்தால் திட்டாமல் படியுங்கள். போலீஸாக இருந்தால் கடைசி வரைக்கும் படியுங்கள்.

என் பெயர் ஜெசிந்தா மச்சாடோ. வயது 47. தூத்துக்குடியில் பத்தொன்பது வருஷம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். இப்போது உப்பளத்து ஓரம் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஃபேக்டரிக்குள், ஆழ்கடல் முக்குளிப்பவர்களுக்கான இரும்புக் கலத்தில் உட்கார்ந்திருக்கிறேன். நாங்கள் இதை டப்பா என்போம். ஒரு பெரிய அறை, அதை ஒட்டி நிமிர்ந்து நிற்க முடியாத ஒரு சின்ன அறை. அதற்கு ஒரு கதவு எங்கள் பக்கம், ஒரு கதவு வெளியே.

வெளியே அழுத்தம் ஒரு பார். உள்ளே பன்னிரண்டு. நூற்றுப்பத்து மீட்டர் கடலுக்கடியில் இருப்பதும் இதுவும் ஒன்று. நினைத்தவுடன் கதவைத் திறக்க முடியாது. திறந்தால் சோடா பாட்டிலைத் திறந்த மாதிரி ரத்தம் பொங்கிவிடும். மணிக்கு 0.1 பார் வீதம் இறக்கி, நாலு நாள் பதினாலு மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரலாம். அந்த வேலையைப் பார்ப்பவர் வெளியே வால்வுப் பலகைமுன் இருக்கும் கஸ்பார் அண்ணன். முப்பது வருஷம் கப்பலில் இதையே செய்தவர்.

உள்ளே சுவாசிப்பது ஹீலியம். எங்கள் குரல் வாத்துக் குரல். அதை மனுஷக் குரலாக்கி அண்ணனுக்குக் கேட்க வைக்க ஒரு பெட்டி இருக்கிறது. அந்தப் பெட்டிக்கும் அவ்வப்போது கிறுக்குப் பிடிக்கும்.

நாள் 1 | காலை 7:00 | 12.0 பார்

மருந்து கொடுத்தாயிற்று. டீச்சர், ஆல்வின் இருவருக்கும். நான் எடுக்கவில்லை. நான் பார்த்துக்கொள்கிற ஆள்.

டீச்சர் கல்லூரியில் மருந்தியல் நடத்தி ஓய்வு பெற்றவர். 61 வயது, திருநெல்வேலிக்காரர். மனசின் கதவைத் திறக்கும் மருந்து என்று அவர் சொல்வார், போதை என்று ஊர் சொல்லும். எட்டாவது முயற்சியில் தேறியதால் அதற்குப் பெயர் எட்டு. அழுத்தம் மயக்க மருந்தின் பிடியைத் தளர்த்தும் என்பது பழைய சேதி. அழுத்தத்தைக் கடிவாளமாகப் பிடித்துக்கொண்டால், வெளியே ஆளைக் கொல்லும் அளவை உள்ளே தெளிந்த புத்தியோடு தாங்கலாம், மருந்து தீர்ந்ததும் மேலே வந்துவிடலாம் என்பது அவர் கணக்கு. எந்த நிறுவனமும் இதைத் தொடாது. நாங்களே கைக்காசைப் போட்டு, பழைய இரும்பு விலைக்கு இந்த டப்பாவை எடுத்தோம்.

நான் வந்தது விஞ்ஞானத்துக்காக இல்லை. ஆல்வின் என் தம்பி. 39 வயது. இரண்டு வருஷம் முன்னால் எண்ணெய்க் கப்பலில் முக்குளித்தபோது அவனுடைய ஜோடி ஆளின் காற்றுக்குழாய் அறுந்தது. அந்த ஆளின் மூச்சு நிற்பதை ஆல்வின் காதில் மாட்டிய ஃபோனில் பதினோரு நிமிஷம் கேட்டுக்கொண்டிருந்தான். அதற்குப்பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் சேர்ந்தாற்போல் தூங்கியதே இல்லை. மாத்திரை, ஊசி, வேளாங்கண்ணி, எல்லாம் பார்த்தாயிற்று. போன ஈஸ்டருக்கு அவனை வீட்டு உத்தரத்திலிருந்து நானும் கஸ்பார் அண்ணனும் இறக்கினோம். என் தம்பி தூங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

நாள் 1 | காலை 11:30 | 12.0 பார்

அரை மணிக்கு ஒருமுறை கேட்கிறேன். அவர்கள் சொல்ல வேண்டிய சொற்கள் மூன்று. நிலையாக இருந்தால் 'இருக்கேன்'. மருந்து இறங்கித் திரும்பத் தொடங்கினால் 'வாரேன்'. பயந்தால் 'போதும்'. நீளமாகப் பேசினால் வாத்துக் குரலில் புரியாது, அதனால் ஒற்றைச் சொல்.

டீச்சர் முதலில் எழுதியது நான்கு சொற்கள். பிடி நழுவுகிறது என்பதற்கு 'போறேன்' என்று வைத்திருந்தார். கஸ்பார் அண்ணன் கையை உதறிவிட்டு எழுந்தே விட்டார். "யம்மா, கடல்ல இறங்குத ஆளு வாயில அந்த வார்த்தய வைக்காதீக. எங்க வீட்டுல கடைக்குப் போனாக்கூட வாரேன்னுதான் சொல்லுவோம்" என்றார். ஆல்வினும் மாட்டேன் என்றுவிட்டான். டீச்சர் சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். நான்தான் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை அடித்தேன்.

டீச்சர் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறார். ஆல்வின் அழுகிறான், ஆனால் நாடி 68. இரண்டு வருஷத்தில் அவன் இவ்வளவு அமைதியாக அழுது நான் பார்த்ததில்லை. இருவரும்: "இருக்கேன்."

நாள் 1 | மாலை 4:00 | 12.0 பார்

மருந்து கொடுத்து ஒன்பது மணி நேரம். டீச்சர் என் மணிக்கட்டைத் தொட்டு "வாரேன்" என்றார். ஐந்து நிமிஷத்தில் ஆல்வினும் கண்ணைத் திறந்து, "யக்கா, வாரேன்" என்றான். டீச்சர் போட்ட கணக்குக்கு நிமிஷம் தப்பவில்லை.

இருவர் பெயருக்கும் எதிரே டிக் போட்டேன். கஸ்பார் அண்ணனுக்குச் சொன்னேன். "மாதாவே" என்று ஒரு சத்தம் போட்டார். ஐந்து மணிக்கு இறக்கத் தொடங்குகிறோம். வெளியே மழை பிடித்திருக்கிறதாம்.

நாள் 2 | காலை 11:30 | 10.1 பார்

டீச்சர் தாமதமாகப் பதில் சொல்கிறார். பெயரைக் கேட்டால் எட்டு விநாடி கழித்துச் சொல்கிறார். களைப்பாக இருக்கலாம்.

ஆல்வின் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். "இது யாருது?" என்றான். கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்து முதுகில் ஒன்று போட்டேன். அவன் சிரிக்கவில்லை.

நாள் 2 | மாலை 5:40 | 9.5 பார்

இருவரும் பதில் சொல்லவில்லை. கூப்பிட்டால் திரும்புகிறார்கள், பார்வை என்மேல் நிற்கவில்லை. நாடி டீச்சர் 44, ஆல்வின் 48. மருந்து தீர்ந்து இருபத்தைந்து மணி நேரம் ஆயிற்று. இப்படி ஆகக் கூடாது.

அண்ணனிடம் கத்தினேன். பன்னிரண்டுக்கு ஏற்றுகிறார். காதை வலிக்கிறது, வலிக்கட்டும்.

நாள் 2 | மாலை 6:50 | 12.0 பார்

திரும்பிவிட்டார்கள். பன்னிரண்டைத் தொட்டதும் டீச்சர் யாரோ தட்டி எழுப்பிய மாதிரி எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். பிறகு கோபம் வந்தது. வாரேன் என்று சொன்னது நீங்கள்தானே, டிக் போட்டுக் கையெழுத்தும் வைத்திருக்கிறேனே என்று நோட்டை எடுத்துக் காட்டினேன்.

டீச்சர் அந்த டிக்கை விரலால் தொட்டார். "ஏட்டி, நான் வாரேன்னு சொன்னது உங்கிட்ட சொல்லிக்கிட்டுக் கிளம்புததுக்கு. வீட்டுல வாசப்படி இறங்கும்போது சொல்லுவோமே, அது. எனக்குப் பிடி விட்டுட்டு. வாயில வேற சொல்லு வரல" என்றார்.

ஆல்வினைக் கேட்டேன். அவனும் அதேதான். "ஓங்கிட்ட சொல்லாமக் கிளம்பக் கூடாதுல்லா, அதான்" என்றான்.

நான் அடித்துவிட்ட சொல்லை அவர்கள் சொல்லத் தேடியிருக்கிறார்கள். அது இல்லை. இருந்ததைச் சொன்னார்கள். நான் திரும்பி வருகிறார்கள் என்று எழுதிக்கொண்டேன். பத்தொன்பது வருஷம் ஆள்களின் முகத்தைப் பார்த்து வேலை செய்தவள், நேற்று முகத்தைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

நாள் 3 | காலை 8:30 | 10.4 பார்

டீச்சர் விடிய விடிய யோசித்துக் கண்டுபிடித்ததை அப்படியே எழுதுகிறேன்.

எட்டு அவர்கள் உடம்பிலிருந்து போகவில்லை. அழுத்தம் அதை மறைத்து மட்டும் வைத்திருந்தது. மறைத்ததோடு, உடம்பு அதைக் கரைக்கிற வேலையையும் நிறுத்திவிட்டது. அதனால் பன்னிரண்டில் எத்தனை நாள் இருந்தாலும் மருந்து அப்படியே இருக்கும். மேலே வந்தால் கரையும், ஆனால் கரைவதற்குள் ஆளை முழுங்கிவிடும். நடுவில் ஓர் இடம் இருக்கிறது, 10.4; ராத்திரியே அண்ணன் வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாக இறக்கி எங்களை அங்கே நிறுத்தியிருக்கிறார். அங்கே இருந்தால் புத்தி நிற்கும், மருந்தும் மெல்ல மெல்லக் கரையும். இருபது நாளாவது ஆகும்.

எங்களிடம் இருபது நாள் இல்லை. நாங்கள் விடுகிற கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு சுண்ணாம்புப் பொடி போட வேண்டும். நாலு நாளுக்கு என்று வந்தவர்கள் கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருந்தோம். இப்போது மிச்சம் இருப்பது ஒரு ஆள் மட்டும் மூச்சுவிட்டால் பதினெட்டு நாளுக்கு. மூன்று பேருக்கு ஆறு நாள்.

வெளியே வெள்ளம். ஆற்றில் தண்ணீர் கரை மீறி, சாலை இரண்டு பக்கமும் அறுந்துவிட்டது. ஐஸ் ஃபேக்டரி தீவாக நிற்கிறது. கஸ்பார் அண்ணன் போனில் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். ஒளிக்கவில்லை, மருந்து உட்பட எல்லாவற்றையும் சொன்னார். "மொட்டை மாடியில நிக்குதவங்களுக்குத்தான் மொதல்ல படகாம். நாம பட்டியல்ல இருக்கோம்" என்றார். ஒரு ஃபைபர் படகு வந்து ரொட்டியும் பாலும் கொடுத்துவிட்டு, எங்கள் சீட்டை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போய் நாலு கிலோ பொடி வாங்கி வந்தது. அது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக்கூடக் காணாது. மதுரையில் ஒரு லாரி முழுக்கப் பொடி ஏற்றி நிற்கிறது. சாலை திறக்க ஒன்பது நாள் ஆகும் என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் சந்தோஷமாக எழுதுகிறேன். ஆல்வின் ஆறு மணி நேரம் தூங்கினான். புரளாமல், கத்தாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாள் 3 | காலை 10:15 | பெரிய அறை 10.4, சின்ன அறை 10.3

டீச்சர் சின்ன அறைக்குள் போய்விட்டார். மேலே போகிறார்.

காலையில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினார். மூன்று பேர் இங்கேயே இருந்தால் ஒன்பதாம் நாளில் மூன்று பேரும் மூச்சு முட்டுவோம். ஒருவர் போனாலும் இரண்டு பேருக்குப் பற்றாது. கடைசியில் ஆல்வின் மட்டும் இருந்தால் லாரி வரும்வரை தாங்கும். நான் மருந்து எடுக்காதவள், எனக்கு மேலே போவதில் ஆபத்து இல்லை. டீச்சருக்கு இருக்கிறது.

"நான் மொதல்ல போறேன். எங்க நிக்குது, எங்க விடுதுன்னு கண்ணாடி வழியாப் பாத்து எழுது. அது ஒன் தம்பிக்கு உதவும். நான் பொழச்சாலும் பொழப்பேன், யாரு கண்டா" என்றார். போறேன் என்ற சொல்லை அவர் வாயால் அப்போதுதான் கேட்டேன்.

நான் வேண்டாம் என்று ஒருமுறை சொன்னேன். ஒரே ஒருமுறை. பத்துத் தடவை சொல்லியிருக்கலாம், காலைப் பிடித்திருக்கலாம். கணக்கு எனக்கும் தெரியும், அதனால் ஒருமுறையோடு நிறுத்திக்கொண்டேன். இதைப் படிக்கிறவர்கள் என்னை என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 3 | இரவு 9:20 | சின்ன அறை 9.2

9.7: பதில் தாமதம். 9.5: கை மறந்துவிட்டது. 9.3: பேச்சு நின்றது. கடைசியாக ஸ்பீக்கரில் சொன்னது: "எழுதுதியா? எழுது."

நாள் 4 | மாலை 7:05 | சின்ன அறை 7.1

நாடிக் கருவியில் 31, 26, 19. பிறகு கோடு.

அண்ணன் ஹீலியத்தைத் திறந்து 10.4-க்கு ஏற்றத் தொடங்கினார். நான் கண்ணாடியை இரண்டு கையாலும் அடித்தேன். ஒரு கை தூரத்தில் இருக்கிறார், நெஞ்சை அமுக்க ஆள் இல்லை. நடுவில் இருக்கும் கதவு இரண்டு பக்கமும் அழுத்தம் சமமாகாமல் திறக்காது. சமமாகும்போது இருபத்திரண்டு நிமிஷம் ஆகியிருந்தது. போய் அமுக்கினேன். பிரயோஜனம் இல்லை.

முகத்தைத் துடைத்துக் கண்ணை மூடினேன். முடியைக் கோதிவிட்டேன். அவருக்குக் கலைந்த தலை பிடிக்காது. பிறகு கதவை மூடிக்கொண்டு நான் இந்தப் பக்கம் வந்தேன். அண்ணன் அறையைக் காலி செய்து அவரை வெளியே எடுத்தார். ஸ்பீக்கரை அணைக்க மறந்துவிட்டார். அவர் அழுவது எனக்குக் கேட்டது.

நாள் 5 | காலை 6:40 | சின்ன அறை 10.4

இப்போது என் முறை. சின்ன அறையை மறுபடி நிரப்பி உள்ளே வந்துவிட்டேன். பொடிக் கணக்கு: பன்னிரண்டரை ஆள்-நாள். லாரிக்கு இன்னும் ஏழு நாள், ஆல்வினுக்கு ஏழு. நான் மேலே போக நாலு. ஒன்றரை நாள் மிச்சம். நான் இங்கேயே இருந்தால் ஒன்றரை நாள் குறையும்.

ஆல்வினிடம் சொல்லிவிட்டு வந்தேன். பாதித் தூக்கத்தில் இருந்தான். அண்ணன் கேட்டால் உடனே பதில் சொல், பொடியை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்று, சிறு கதவைத் தேவையில்லாமல் திறக்கச் சொல்லாதே என்றேன். "யக்கா, கனவுல கூட தண்ணி இல்ல. நல்லாருக்கு" என்றான். கதவை மூடும்போது என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. தூங்கு என்று சொன்னேன்.

கையில்: தண்ணீர்க் கேன், ரொட்டி, இந்த நோட்டு, பேச்சுப் பெட்டி கெட்டால் சுவரைத் தட்ட ஒரு ஸ்பேனர், பேட்டி எடுக்கக் கொண்டுவந்த குரல் பதிவுக் கருவி. நாடிக் கருவியை ஆல்வினிடம் விட்டுவிட்டேன். இங்கே கேமரா இல்லை. பெரிய அறைப் பக்கம் ஒரு வட்டக் கண்ணாடி இருக்கிறது. அதில் அவன் பாதம் தெரிகிறது.

ஆபத்து இல்லாத ஆளானாலும் வழக்கத்தை விடக் கூடாது என்று, அண்ணன் கைபேசியில் அலாரம் வைத்து அரை மணிக்கு ஒருமுறை என்னைக் கேட்கிறார். ஐந்து நாளாக அவர் ஒழுங்காகப் படுக்கவில்லை. அலாரத்துக்கும் அலாரத்துக்கும் நடுவில் நாற்காலியிலேயே தூங்குகிறார் போலிருக்கிறது, குரலே சொல்கிறது.

நாள் 5 | மாலை 4:30 | 9.4 பார்

"ஜெசி, மூணு தடவ கேட்டுட்டேன். தூங்கிட்டியா?"

தூங்கவில்லை. முதல் தடவை கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. பதில் சொல்லிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

நாள் 5 | மாலை 5:15 | 9.3 பார்

நர்ஸ் மாதிரி எழுதுகிறேன். ஆள்: ஜெசிந்தா, 47. பதில் தாமதம், ஏறக்குறைய பத்து விநாடி. என் கை எழுதுவதைப் பார்க்கிறேன், யாரோ எழுதுகிற மாதிரி இருக்கிறது. கதவைச் சுற்றியுள்ள போல்ட்டுகள் காலையில் பதினாறு. இப்போது எண்ண எண்ணப் பதினாறு தாண்டுகிறது. முகம் பார்க்கும் சின்னக் கண்ணாடியில் கண்மணியைப் பார்த்தேன். விரிந்திருக்கிறது.

நான் மருந்து எடுக்கவில்லை.

நாள் 5 | மாலை 5:50 | 9.3 பார்

எடுத்திருக்கிறேன். வியர்வையிலும் மூச்சிலும் எட்டு வெளியே வருகிறது. நாலு நாள் மூடின டப்பாவில் அவர்கள் விட்ட காற்றைத்தான் நான் இழுத்தேன். டீச்சரின் நெற்றியை வெறுங்கையால் துடைத்தேன், அவர் நெஞ்சில் கை வைத்து அமுக்கினேன். சுண்ணாம்புப் பொடி கரியமில வாயுவைத்தான் பிடிக்கும், இதைப் பிடிக்காது. பன்னிரண்டிலும் 10.4-லும் அழுத்தம் அதை எனக்கும் மறைத்துவைத்திருந்தது. நான் தெளிவாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அவர்கள் தெளிவை அளந்துகொண்டிருந்தேன்.

மொத்தம் மூன்று பேர் மேல் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது இரண்டு பேர்.

நாள் 5 | மாலை 6:40 | 9.2 பார்

புத்தி நிற்கிறபோதே கணக்கு. அண்ணனிடம் சொன்னால் அந்த நிமிஷமே ஏற்றிவிடுவார். அவர் நல்ல மனுஷன். ஏற்றினால் 10.4-ல் நானும் மூச்சுவிடுவேன், லாரி வரும் வரை. ஆல்வினுக்கு ஒன்றரை நாள் பொடி குறையும். ஒன்றரை நாள் என்றால் கடைசி ஒன்றரை நாள். கரியமில வாயு ஏறி அவன் மூச்சு நிற்பதை அண்ணன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பார்.

அண்ணன் இப்போதுதான் சொன்னார், மழை மறுபடி பிடித்துவிட்டதாம். சாலை சீக்கிரம் திறக்கும் என்ற பேச்சே வேண்டாம்.

டீச்சர் முழு அளவு எடுத்தவர். எனக்கு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாது. பாதி இருக்கலாம், கால் இருக்கலாம். 7.1-ஐத் தாண்டியும் போகலாம். என் இதயம் நல்ல இதயம். மாடிப்படி ஏறினால்கூட இரைக்காது.

சொல்லப்போவதில்லை.

நாள் 5 | இரவு 7:25 | 9.1 பார்

பேச்சு போவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை செய்தாயிற்று. குரல் பதிவுக் கருவியில் 'இருக்கேன்' என்று பதினைந்து தடவை சொல்லிப் பதிந்தேன். ஒன்று சோம்பலாக, ஒன்று எரிச்சலாக, ஒன்று இருமிக்கொண்டு. ஒன்றில் "இருக்கேன்ணே, சும்மா சும்மா கேக்காதீக" என்றும் சேர்த்தேன். ஒவ்வொரு மணிக்கும் அரை மணிக்கும் அண்ணனின் அலாரம் அடித்து, அவர் எழுந்து கேட்க இருபது விநாடி ஆகிறது. கருவியை, அரை மணிக்கு ஒன்றாகச் சுற்றிச் சுற்றி, முப்பதாவது விநாடியில் ஒலிக்கும்படி வைத்தேன். மைக்குக்குப் பக்கத்தில் துணியால் கட்டிவிட்டேன். மேலே போய்ச் சேரும்வரை பேட்டரி தாங்கும்.

அண்ணனிடம் எனக்கு அசதியாக இருக்கிறது, கேள்வியைத் தவிர வேறு பேச்சு வேண்டாம் என்றேன். "நீ படு தங்கச்சி. நான் பாத்துக்கிடுதேன்" என்றார். அவரை ஏமாற்றுகிறேன். அண்ணே, இதைப் படிக்கும்போது என்னை நாலு அறை அறைந்துகொள்ளுங்கள், ஆனால் உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். உங்களுக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று நான்தான் செய்தேன்.

ஆல்வின் வெளியே வருகிறவரை இந்த நோட்டை அவன் கண்ணில் காட்ட வேண்டாம்.

நாள் 6 | காலை 5:00 | 8.1 பார்

விடிந்ததா தெரியாது. கடிகாரம் ஐந்து என்கிறது. என் கை என் கை இல்லை, ஆனால் எழுதச் சொன்னால் எழுதுகிறது, நல்ல பிள்ளை.

டீச்சர் இங்கே படுத்திருந்த இடம் இன்னும் சூடாக இருக்கிறது. இருக்க முடியாது. நாள் ஆகிவிட்டது. எழுதுகிறேன், ஏனென்றால் எழுதச் சொன்னார்.

பயமாக இருக்கிறது. யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டால் போதும். வார்டில் நான் எத்தனை பேர் கையைப் பிடித்திருப்பேன்.

நாள் 6 | காலை | 7.5 போல

பேச்சு போய்விட்டது. ஆல்வின் என்று சொல்லிப் பார்த்தேன். வாய் அசைகிறது.

நாடி என் விரலால் எடுத்தேன் 40. மறுபடி எடுத்தேன் 40. அல்லது எண்ண மறந்து

போல்ட்டுகள் நிறைய

திரும்பலாம். இன்னும் திரும்பலாம். சுவரை அடித்தால் போதும், அண்ணன் ஏற்றிவிடுவார். ஸ்பேனர் இங்கேதான் இருக்கிறது. அதை எடுத்துத் தரைத் தகட்டின் இடுக்கு வழியே கீழே போட்டுவிட்டேன். என் கைக்கு எட்டாது இப்போது.

நாள் 6 |     |

கண்ணாடியில் பாதம். புரண்டு படுத்தான். போர்வையை இழுத்துக்கொண்டான். தூங்குகிறான் பார் எப்படி

அலாரம். அண்ணன் கேட்டார், ஜெசி இருக்கியா.

நான் வாயைத் திறக்கவில்லை. என் குரல் பதில் சொல்லியது. எரிச்சலாகச் சொல்லியது. சும்மா சும்மா கேக்காதீக.

அண்ணன் சிரித்தார். சரி தங்கச்சி என்றார். அழுத்தத்தை இறக்குகிற வால்வைத் திறக்கிற சத்தம் கேட்கிறது